கேட் மெம்பருக்கு ஒரு துணி

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் எங்கள் ஊரில் முதலில் மாட்டிக்கொள்வது தலைவர்களின் சிலைகள்தான். ஏணியோடு ஆட்கள் வந்து, தலையிலிருந்து இடுப்புவரை வெள்ளைத் துணியைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டுப் போவார்கள். ஓட்டு எண்ணி முடிக்கும்வரை அந்த முகங்களை யாரும் பார்க்கக் கூடாது, பார்த்தால் ஜனங்கள் மனசு மாறிவிடும் என்று ஒரு கணக்கு. மற்ற வீடுகளில் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அன்றைக்கு யாருக்கும் நிம்மதியாகச் சோறு இறங்காது. காரணம் என் மாமனார் லூயிஸ். அவருடைய தாத்தாவின் சிலையை இதுவரை எந்தத் தேர்தலுக்கும் யாரும் மூடினதில்லை.

ராயபுரத்தில் எங்கள் தெரு மெயின் ரோட்டைத் தொடுகிற முனையில் அந்தச் சிலை நிற்கிறது. நீள அங்கி, உயர்த்திய வலது கை, இடது கையில் சுருட்டிய காகிதம். நடுமண்டை வழுக்கை, சுற்றிலும் வளையமாகக் கொஞ்சம் முடி. அதே வழுக்கை என் மாமனாருக்கு உண்டு. என் வீட்டுக்காரர் ஜெரிக்கும் வந்துகொண்டிருக்கிறது, கேட்டால் வேலை பார்க்கிற எண்ணூர் துறைமுகத்துக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்பார்.

சிலையில் நிற்பவர் ராவ் சாகிப் ம. இன்னாசிமுத்து, எம்.எல்.சி. வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை மாகாண கவுன்சிலில் மெம்பர். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த அன்றே, ரசத்துக்கு நான் சோறு பிசைவதற்குள் மாமா இந்தக் கதையை ஆரம்பித்துவிட்டார். இன்னும் முடிக்கவில்லை.

இன்னாசிமுத்துவின் அப்பா படகுக்காரர். நடுக்கடலில் நிற்கிற கப்பலிலிருந்து மூட்டைகளைக் கரை சேர்க்கிற பிழைப்பு. துறைமுகம் வந்ததும் அந்தப் பிழைப்பு போனது. பையன் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்து, ஒரு தோல் மண்டியில் குமாஸ்தாவானார். மண்டிக்காரர்களுக்காக அதிகாரிகளிடம் போய்ப் பேசுவார். நன்றாகப் பேசுகிறான் என்று அவர்களே அவரைக் கவுன்சிலுக்கு நிற்க வைத்தார்கள். அப்போது ஓட்டு எல்லோருக்கும் கிடையாது. சொத்து வைத்திருப்பவர்களும் வரி கட்டுபவர்களும் போட்டால் போதும். போட்டார்கள், ஜெயித்தார்.

ஜெயித்த வருஷமே அவர் சம்சாரம், தாய்வீடு இருந்த கொருக்குப்பேட்டையிலிருந்து பிரசவ வலியோடு மாட்டு வண்டியில் வந்தார். ரயில்வே கேட்டில் ஒரு கூட்ஸ் வண்டி ரோட்டை மறித்துக்கொண்டு அசையாமல் நின்றது. இந்தப் பக்கம் ஆஸ்பத்திரி, அந்தப் பக்கம் மாட்டு வண்டி. வண்டியிலேயே குழந்தை பிறந்தது. தாய் பிழைக்கவில்லை. அந்தக் குழந்தைதான் என் மாமனாரின் அப்பா.

அதற்குப் பிறகு மனுஷன் கவுன்சிலில் வேறு எதையும் பேசவில்லை. உப்பு வரி விவாதம் என்றாலும் எழுந்து நின்று கொருக்குப்பேட்டை கேட்டைப் பற்றிப் பேசுவார். பள்ளிக்கூட மானியம் என்றாலும் கேட். "கேட் மெம்பர்" என்று பேரே வைத்துவிட்டார்கள். கடைசியில் அவர் தொல்லை தாங்காமல் ஒரு விதி வந்தது. பிரசவ வலியோடு ஒருத்தி வந்து நின்றால், மறித்து நிற்கிற கூட்ஸின் பெட்டிகளைக் கழற்றி நடுவில் வண்டி போக வழிவிட வேண்டும். விதி வந்ததும் கூட்ஸ் தாமதமானது. சரக்கு தாமதமானதும் மண்டிக்காரர்களுக்குக் கோபம் வந்தது. அடுத்த தேர்தலில் அவர்கள் வேறு ஆளை நிறுத்தி இவரை மண்ணைக் கவ்வ வைத்தார்கள். வாடகை வீட்டில் செத்துப்போனார். படகுக்காரர்கள் சேர்ந்து சிலை வைத்தார்கள்.

"ஜெயிச்சவனயெல்லாம் மூடறானுங்க, ஆன்சி," என்பார் மாமா. "ஜனத்துக்கோசரம் தோத்தவர ஒர்த்தனும் சீண்ட மாட்றான்."

சீண்டாததற்குக் காரணம் வேறு. சிலையின் பீடத்தில் பேர் பொறித்த பித்தளைத் தகடு ஒன்று இருந்ததாம். அது எந்தக் காலத்திலோ காயலான் கடைக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு திருவிழாவுக்கும் கோயில் கதவுக்கு அடித்தது போக மிஞ்சின பெயிண்டை யாராவது புண்ணியவான் சிலைக்கு அடிப்பார். கோயில் கதவு பழுப்பு நிறம். மெம்பரின் கறுப்பு கவுன் பழுப்பு அங்கியானது. பழுப்பு அங்கி, வட்ட வழுக்கை, ஆசீர்வதிக்கிற மாதிரி தூக்கின கை. எங்கள் ஜனங்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? கோயிலுக்குள் நிற்கிற புனித அந்தோணியாரும் இப்படித்தான் இருப்பார். அவரேதான் என்று முடிவு கட்டி மெழுகுவத்தி ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். அதிலும் பிரசவ வேண்டுதல் என்றால் இவர்தான். ஏன் இவர் என்று கேட்டால் ஒருத்திக்கும் தெரியாது. பெரியவர்கள் ஏற்றினார்கள், நாமும் ஏற்றுகிறோம், அவ்வளவுதான். மாமா தினமும் காலையில் போய், பீடத்தில் ஒட்டின மெழுகைக் கத்தியால் சுரண்டிவிட்டு வருவார். சாயங்காலம் மறுபடியும் ஏற்றுவார்கள். நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இந்தப் போர் நடக்கிறது, இரண்டு தரப்பும் சலிக்கவில்லை.

போன வருஷம் மாமாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. அதிலிருந்து அவர் பேச்சு எதை எடுத்தாலும் ஒரே இடத்தில் போய் நிற்கும்.

"அடுத்த எலெக்சனுக்கு நான் கீறனோ இல்லியோ. மாலை வாணாம், மண்டபம் வாணாம். ஒரே ஒரு துணி. கவர்மெண்டு துணி. அத்த அவுரு தலைல பாத்துட்டா நான் பாட்டுக்குப் பூடுவேன்."

எனக்கு எரிச்சலாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இந்த முறை தேர்தல் தேதி அறிவித்ததும் நானே அவரை ஆட்டோவில் ஏற்றி, சிலை மூடுகிற வேலையைப் பார்க்கிற அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே மணி என்று ஓர் அதிகாரி. தூக்கம் பார்த்து நாளான கண்கள். மாமா சொன்னதை முழுக்கக் கேட்டார், அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

"எந்தக் கட்சிங்க அவரு?"

"கட்சிலாம் இல்ல சார். சுயேச்சை. வெள்ளக்காரன் பீரியடு."

"பெரியவரே, எங்க தலைவரை மூடாதீங்கன்னுதான் எல்லாரும் சண்டைக்கு வருவாங்க. மூடுங்கன்னு கேட்டு வந்த முதல் ஆளு நீங்கதான்."

"நீங்க மூடறீங்கன்னா அவுராண்ட இன்னும் பவுரு கீதுன்னு அர்த்தம் சார். எங்க தாத்தாவ மூடலன்னா இன்னா அர்த்தம், சொல்லுங்க."

மணி சிரித்துவிட்டார். அந்தப் பக்கம் வருகிற ஆட்களிடம் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். திரும்பி வரும்போது ஆட்டோவில் மாமா பாட்டு முனகினார். அவர் பாடி நான் கேட்டதே இல்லை.

அந்தச் சந்தோஷம் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான். குருத்து ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு அது, ஈஸ்டருக்கு இரண்டு வாரம் முன்னால். அன்றிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் கோயிலில் சிலுவை, சிலை எல்லாவற்றையும் ஊதாத் துணி போட்டு மூடிவிடுவார்கள். ஆண்டவருடைய பாடுகளை நினைத்துத் துக்கம் காக்கிற நாட்கள். எங்கள் தெரு அன்பியத்துக்கு, அதாவது பங்குக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற குழுவுக்கு, இந்த வருஷம்தான் சிலுவையம்மாள் தலைவியாகியிருந்தார். புதுத் தலைவி, புது வேகம். கோயிலில் மிஞ்சின ஊதாத் துணியைக் கொண்டு வந்து, நாற்காலி போட்டு ஏறி, மெம்பரைத் தலையோடு சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டார்.

பூசை முடிந்து வந்த மாமா அதைப் பார்த்து நடுரோட்டில் நின்றுவிட்டார். பின்னால் ஒரு கண்டெய்னர் லாரிக்காரன் ஹாரன் அடித்துத் தீர்த்தான்.

"இன்னா சிலுவ இது? யார கேட்டு மூடன?"

"யாரக் கேக்கணும்? கோயில்ல கீற சாமிக்கு ஒரு நாயம், தெரு மொனைல கீற சாமிக்கு ஒரு நாயமாண்ணே?"

"அது சாமி இல்ல, எங்க தாத்தா."

"ஆமா, நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேந்து சொல்லிகினுதான் கீற. ராவ் சாகிப்பு, எம்.எல்.சி., கேட்டு, மாட்டு வண்டி. காது புளிச்சுப்போச்சு. நீ வூட்டுக்குப் போய் மாத்திர போடு."

எதிரே சமோசாக் கடை போட்டிருக்கும் பதுருன்னிசா அக்கா அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தார். அவருக்கு வேறு கவலை. அவர் மகள் ஃபிர்தௌசுக்கு இது நிறைமாசம். கொருக்குப்பேட்டையில் மாமியார் வீட்டில் இருந்தாள். அவளுக்காக அக்கா தினமும் கடையை மூடுவதற்கு முன்னால் ஒரு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்.

"மூஞ்ச மூடிட்டா நான் ஏத்தறது அவுருக்கு எப்டிக்கா தெரியும்?"

"காது கேக்கும். சத்தமா வேண்டிக்கோ," என்றார் சிலுவையம்மாள்.

இரண்டு நாள் கழித்து, மணி சொல்லி அனுப்பிய ஆட்கள் ஏணியோடு வந்தார்கள். மாமா வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலை வாரி, முனையில் தயாராக நின்றார். வாருவதற்கு அங்கே பெரிசாக ஒன்றும் இல்லை. வண்டியிலிருந்து இறங்கினவர் சிலையை நிமிர்ந்து பார்த்தார்.

"இத்த ஏற்கெனவே மூடிட்டாங்கப்பா. கெளம்பு."

"சார், அது கோயில் துணி. அத்த எடுத்துட்டு உங்க துணியப் போடுங்க."

"எந்தத் துணியா இருந்தா இன்னா நைனா? மூஞ்சி தெரியல, அவ்ளோதான் வேணும்." போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, மூடின சிலைகளின் பட்டியலில் சேர்த்துவிட்டு அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

அன்று மாமா மத்தியானமும் சாப்பிடவில்லை, ராத்திரியும் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "அவுங்க மூடனது எங்க தாத்தாவ இல்ல, ஆன்சி. அந்தோணியார," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு கிழவர் கேட்டது என்ன, சொத்தா பத்தா? இரண்டு மீட்டர் துணி. அதற்கும் இந்தத் தெருவில் வழியில்லாமல் போய்விட்டதே என்று எல்லோர் மேலும் கோபமாக வந்தது. சிலுவையம்மாளோடு நான் பேச்சை நிறுத்திவிட்டேன். குருத்து ஞாயிறு போனது, பெரிய வியாழன் போனது. மாமா கஞ்சியைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. ஜெரி டாக்டரிடம் போகலாம் என்றால், டாக்டராண்ட துணி கீதா என்று கேட்டார்.

ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை காலையில் பதுருன்னிசா அக்கா சர்க்கரைக் கிண்ணத்தோடு வீட்டுக்குள் வந்தார். கண்ணெல்லாம் சிவந்து, முகமெல்லாம் சிரிப்பு.

"ஆன்சி, வாயத் தொற. ஃபிர்தௌசுக்குப் பொண்ணு. ரெண்டு பேரும் நல்லாக்கீறாங்க." என் வாயில் சர்க்கரையைப் போட்டுவிட்டு, பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். "நேத்து சாயங்காலம் வலி கண்டுச்சு. ஆம்புலன்ஸ் வந்துச்சு. எனுக்கு அந்தக் கேட்ட நெனச்சுத்தான் உசுரே இல்ல. மாட்டிகினா மாட்டிகினதுதான், தெரியும்ல? போய்ப் பாத்தா, மெய்யாலுமே சொல்றேன், கேட்டு தொறந்து கீது. நான் பொறந்து வளந்து அந்த நேரத்துக்கு அது தொறந்து பாத்ததேயில்ல. மூடி வெச்சாலும் அவுரு கேட்டுகினாரு பாரு."

கேட் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. மாமா எழுந்து வந்தார். பதுரு அக்காவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் மனசுக்குள் ஐயோ என்றேன், பேத்தி பிறந்த சந்தோஷத்தில் இருக்கிறவரிடம் போய் இந்தக் கதையா என்று.

ஆனால் மாமா அன்றைக்குச் சொன்ன விதம் வேறு. ராவ் சாகிப்பை விட்டுவிட்டார், கவுன்சிலை விட்டுவிட்டார். மாட்டு வண்டியிலிருந்து ஆரம்பித்தார். வண்டியில் வலியோடு கிடந்தவள், அசையாமல் நின்ற கூட்ஸ், இந்தப் பக்கம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற புருஷன். அப்புறம் அவர் பேசிப் பேசிக் கழற்றவைத்த பெட்டிகள். பதுரு அக்கா எத்தனையோ வருஷமாக இந்தக் கதை ஓடுகிற தெருவில் கடை போட்டிருக்கிறவர், ஆனால் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

"அந்த அம்மா பேரு இன்னாண்ணே?" என்றார்.

இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட அதைக் கேட்டதில்லை, நான் உட்பட. "செசிலியம்மா," என்றார் மாமா.

பதுரு அக்கா மாமாவின் கையில் சர்க்கரையைக் கொட்டிவிட்டுப் போனார். டாக்டர் சர்க்கரையே கூடாது என்றிருக்கிறார். மாமா சாப்பிட்டார், நான் தடுக்கவில்லை.

ஈஸ்டர் காலை. பூசை முடிந்து வந்த பெண்கள் சிலையைச் சுற்றிக் கூடினார்கள். கோயிலில் எல்லாத் துணியும் எடுத்தாயிற்று, இங்கேயும் எடுக்க வேண்டும். பதுரு அக்கா வேண்டுதல் மாலையோடு வந்தார். சிலுவையம்மாள் முடிச்சை அவிழ்க்க, பதுரு அக்கா நாற்காலியில் ஏறி மாலையைப் போட்டார். இறங்கி வந்து சிலுவையம்மாளின் காதில் ரொம்ப நேரம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார், செசிலியம்மா என்ற பேர் மட்டும் எனக்குக் கேட்டது.

மத்தியானம் பிரியாணிக்குத் தம் போட்டிருக்கும்போது தெருமுனையில் ஜீப் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் மணி நிற்கிறார், கூட இரண்டு போலீஸ்காரர்கள்.

"தலைவர் சிலையைத் திறந்தது யாரு?" என்றார் மணி. "தேர்தல் முடியறதுக்கு முன்னாடி தலைவர் சிலையைத் திறந்து மாலையும் போட்டிருக்கீங்க. எனக்கு ரெண்டு போன் வந்திருச்சு."

தலைவர் சிலை. என் பக்கத்தில் நின்ற மாமா அந்த வார்த்தையைக் கேட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் பிறந்ததிலிருந்து எந்த அதிகாரியும் அந்தச் சிலையை அப்படிச் சொன்னதில்லை.

"சார், ஈஸ்டருக்காண்டி பொம்பளைங்க எட்த்தாங்க," என்று கடைப்பக்கமிருந்து யாரோ சொன்னார்கள்.

மணி குழம்பிவிட்டார். "அப்போ இது சாமி சிலையா? சாமின்னா எனக்கு வேலையே இல்ல, போயிடறேன். தலைவர் சிலைன்னா மூடணும், திறந்தவங்க பேரை எழுதிக்கிட்டுப் போகணும். பெரியவரே, நீங்கதானே ஆபீஸுக்கு வந்தீங்க. சொல்லுங்க, எது?"

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். சிலுவையம்மாள் கையில் இன்னும் ஊதாத் துணி இருந்தது. பதுரு அக்கா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு போலீஸ்காரரைப் பார்த்தபடி நின்றார். மாமா அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அப்புறம் சிலையைப் பார்த்தார்.

"சாமிதான் சார்," என்றார். "அந்தோணியாரு. நான்தான் தப்பா சொல்லிட்டேன். இவுங்கள வுட்ருங்க."

ஆயுசு முழுக்க மெழுகைச் சுரண்டின மனுஷன். கேட்டது கையில் கிடைத்த நிமிஷத்தில் அதைத் தானே கீழே போட்டுவிட்டார்.

மணி ஜீப்பைப் பார்த்துத் திரும்பினார். அப்போது சிலுவையம்மாள் குறுக்கே வந்தார்.

"அவுரு பொய் சொல்றாரு சார். இவுரு ராவ் சாகிப் ம. இன்னாசிமுத்து, எம்.எல்.சி. வெள்ளக்காரன் கவுன்சில்ல மெம்பரு. கொருக்குப்பேட்ட கேட்டுக்காகப் பேசித் தோத்தவரு. எங்க தெருக்காரரு. நான்தான் தொறந்தேன், என் பேர எழுதிக்கோ. சிலுவையம்மாள்."

"நானும்தான்," என்றார் பதுரு அக்கா. "மாலை என்னுது. தலைவருக்குத்தான் போட்டேன்."

மணி தொப்பியில்லாத தலையைச் சொறிந்தார். பிறகு சிலுவையம்மாள் கையிலிருந்த ஊதாத் துணியைப் பார்த்தார். "நீங்க எடுத்தது உங்க கோயில் துணியத்தானே? நாங்க போட்ட துணியை யாரும் தொடலியே?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "அப்ப கேஸ் ஒண்ணும் இல்ல. இப்ப நாங்க போடறோம். இதை மட்டும் யாரும் தொடாதீங்க, தாயி."

ஜீப்பிலிருந்து வெள்ளைத் துணி வந்தது, ஏணி வந்தது. மாலையை எடுத்து மாமா கையில் கொடுத்தார்கள். துணி தலையில் இறங்கும்போது மாமா வாயைத் திறந்து அழுதார். துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. நானும் அழுதேன். அழுதுகொண்டே பிரியாணி அடிப்பிடிக்கிறதே என்று ஓடினேன்.

"இறுக்கமா கட்டுப்பா, கடக்காத்து ஜாஸ்தி," என்று அவர் சொல்வது எனக்கு வீடுவரை கேட்டது.

அன்றைக்கு மாமா இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வரை தூங்கினார். அவர் குறட்டையைக் கேட்டு வீடே லேசானது. ஜெரி டி.வி. சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

இப்போது ஒரு புது விஷயம் நடக்கிறது. முகம் தெரிந்து நின்ற காலத்தில் யாரும் அவர் யாரென்று கேட்டதில்லை. மூடின பிறகு, சமோசா வாங்க வருகிற லாரிக்காரன், கிளீனர், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள், உள்ள யாருக்கா என்று. பதுரு அக்கா எண்ணெயைக் கிளறிக்கொண்டே சொல்கிறார். மாமா தினமும் சாயங்காலம் அங்கே பெஞ்சில் போய் உட்கார்ந்து கேட்கிறார்.

நேற்று பதுரு அக்காவிடம் கொடுத்திருந்த டிபன் பாக்ஸை வாங்கப் போனபோது அவர் சொல்வதை நானும் கேட்டேன். "கூட்ஸு நகரல. எஞ்சின்காரன் முடியாதுன்ட்டான். தலைவரு வேட்டிய மடிச்சுக் கட்டிகினு எறங்கி, அந்தப் பெட்டிய தன் கையால தள்ளிவுட்டாரு. அந்த வழில செசிலியம்மா வண்டி இந்தாண்ட வந்துச்சு. தாயும் புள்ளயும் நல்லா பொழச்சிகினாங்க."

நான் திடுக்கிட்டு மாமாவைப் பார்த்தேன். ஒரு எழுத்துப் பிசகினாலும் பிடித்துக்கொள்கிறவர் அவர். மாமா துணி மூடிய சிலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். லாரிக்காரன் அவர் பக்கம் திரும்பி, "மெய்யாவா பெர்சு?" என்று கேட்டான்.

"ஆமா நைனா," என்றார் மாமா. "ரெண்டு பேரும் நல்லா பொழச்சிகினாங்க."